பன்முகிகள் ஏன் இவ்வளவு அழகு? சமச்சீர் மட்டும்தான் காரணமா?

வரைபலகை எழுதியது:

கணினியில் முப்பரிமாண வடிவங்களை வரைந்து அச்சிட்டு எடுப்பது என் பொழுதுபோக்கு. அதில் பன்முகிகள்தான் அதிகம், அதாவது எல்லாப் பக்கமும் தட்டையான முகங்களால் மூடிய வடிவங்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கே" என்பதுதான் பதில். அதாவது சமச்சீர்.

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. சமச்சீர்தான் அழகு என்றால் கோளம் அல்லவா முதலிடத்தில் இருக்க வேண்டும்? எந்த அச்சில் எவ்வளவு திருப்பினாலும் கோளம் மாறுவதே இல்லை. ஆனாலும் மேசையில் ஒரு கோளத்தையும், 12 ஐங்கோண முகங்கள் கொண்ட ஒரு பன்னிருமுகியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கை பன்னிருமுகியைத்தான் எடுக்கிறது. எடுத்தபின் உருட்டி உருட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. கோளத்திடம் இல்லாத எது இதனிடம் இருக்கிறது?

பொதுவாகப் பேசாமல், ஏதாவது ஒரு வடிவத்தை முன்னால் வைத்து எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.

கோணமானி எழுதியது:

என் பதில் கட்டுப்பாடு. தளத்தில் ஒழுங்கு பல்கோணங்களுக்கு, அதாவது பக்கங்களும் கோணங்களும் சமமானவற்றுக்கு, எல்லையே இல்லை. முக்கோணம், சதுரம், ஐங்கோணம் என்று நூறு பக்கம், ஆயிரம் பக்கம் வரை போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு பரிமாணம் ஏறியதும் குவிந்த ஒழுங்கு பன்முகிகள் (எல்லா முகமும் ஒரே ஒழுங்கு பல்கோணம், எல்லா உச்சியும் ஒரே மாதிரி, எங்கும் உள்வாங்காதவை) ஐந்தோடு நின்றுவிடுகின்றன. நான்முகி, கனசதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. ஆறாவது கிடையாது.

காரணம் மிக எளிது. ஓர் உச்சியில் குறைந்தது மூன்று முகங்கள் சேர வேண்டும். அவற்றின் கோணங்களைக் கூட்டினால் 360 பாகைக்குக் குறைவாக வர வேண்டும். முக்கோணம் என்றால் மூன்று (180), நான்கு (240), ஐந்து (300) சேரலாம். ஆறு சேர்ந்தால் 360, தட்டையாகிவிடும். சதுரம் மூன்று என்றால் 270. ஐங்கோணம் மூன்று என்றால் 324. அறுங்கோணம் மூன்றுக்கே 360 வந்துவிடுகிறது. அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது. பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தன் வடிவியல் நூலின் 13ஆவது புத்தகத்தின் கடைசியில் இதைத்தான் நிறுவுகிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு இது அதைவிடப் பிடிக்கும். 360க்கு எவ்வளவு குறைகிறதோ அதை அந்த உச்சியின் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கனசதுரத்தில் ஒவ்வோர் உச்சியிலும் 90 பாகை பற்றாக்குறை, 8 உச்சிகள், மொத்தம் 720. பன்னிருமுகியில் 36 பாகை, 20 உச்சிகள், 720. இருபதுமுகியில் 60 பாகை, 12 உச்சிகள், 720. இந்த ஐந்துக்கு மட்டுமில்லை, கையில் கிடைத்த அட்டையைக் கோணல்மாணலாக வெட்டி மூடிய குவிந்த வடிவம் ஒன்றைச் செய்தாலும் 720தான். மூன்று முகங்கள் சேரும் ஒரு மூலையை நறுக்கினால் ஓர் உச்சி போய் மூன்று உச்சிகள் வரும், போன பற்றாக்குறையை அந்த மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். இதைக் கண்டவர் பிரெஞ்சுக் கணிதர் டெகார்ட்.

கோளத்தில் இந்த 720 எங்கும் சீராகப் பரவிக் கிடக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பன்முகியில் அது உச்சிகளில் குவிந்து நிற்கிறது, விரலால் தொட்டு எண்ணலாம்.

காகிதமடிப்பு எழுதியது:

கோணமானி சொன்னது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது தெரியாத குழந்தைக்கும் பன்னிருமுகி பிடிக்கிறதே. கணக்குக்கு முன்னாலேயே கண்ணும் கையும் எதையோ உணர்ந்துவிடுகின்றன.

நான் காட்ட விரும்புவது பன்னிருமுகிக்குள் ஒளிந்திருக்கும் கனசதுரத்தை. பன்னிருமுகியின் 20 உச்சிகளில் சரியான 8ஐத் தேர்ந்தெடுத்து நூலால் இணைத்தால் உள்ளே ஒரு முழுமையான கனசதுரம் நிற்கும். கனசதுரத்துக்கு 12 விளிம்புகள், பன்னிருமுகிக்கு 12 முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் கனசதுரத்தின் ஒரு விளிம்பு, ஐங்கோணத்தின் மூலைவிட்டமாக ஓடுகிறது. ஐங்கோணத்துக்கு ஐந்து மூலைவிட்டங்கள் உண்டு அல்லவா? ஆக ஐந்து கனசதுரங்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலைவிட்டம், மிச்சமும் இல்லை, மோதலும் இல்லை.

வெளியே எங்கு தேடினாலும் ஒரு செங்கோணம்கூட இல்லாத வடிவத்துக்குள் ஐந்து கனசதுரங்கள்! ஐந்து நிறத்தில் நூல் கட்டிப் பாருங்கள்.

வரைபலகை எழுதியது:

உடனே வரைந்து பார்த்தேன், அப்படியே உட்காருகிறது. ஆனால் ஏன் உட்காருகிறது என்பது பிடிபடவில்லை. எண்களைப் போட்டுச் சரிபார்க்கலாம், அது எனக்கு விளக்கமாகத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

காகிதமடிப்பு எழுதியது:

இருக்கிறது. தலைகீழாக யோசியுங்கள். பன்னிருமுகியிலிருந்து கனசதுரத்துக்குப் போகாமல், கனசதுரத்திலிருந்து தொடங்குங்கள்.

கனசதுரத்தின் ஒரு முகத்தின் மேல் நான்கு பக்கமும் சரிகிற ஓட்டுக்கூரை போல ஒன்றை ஏற்றுங்கள். நடுவில் ஒரு முகடு, முகட்டுக்கு இணையான இரண்டு பக்கங்களில் சரிவகம், மற்ற இரண்டு பக்கங்களில் முக்கோணம். கனசதுரத்தின் பக்கம் 2 என்றால் முகட்டின் நீளம் சுமார் 1.236, உயரம் சுமார் 0.618. இப்படி ஆறு முகங்களிலும் ஆறு கூரை. அடுத்தடுத்த முகங்களில் முகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் ஓட வேண்டும்.

இப்போது கனசதுரத்தின் ஒரு விளிம்பை மட்டும் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஒரு கூரையின் சரிவகம் அங்கே இறங்குகிறது. மறுபக்கத்திலிருந்து அடுத்த கூரையின் முக்கோணம் வந்து சேருகிறது. சரிவகத்தின் சாய்வு 31.72 பாகை, முக்கோணத்தின் சாய்வு 58.28 பாகை. இரண்டையும் கூட்டினால் சரியாக 90. அதோடு கனசதுரத்தின் விளிம்பிலேயே இருக்கிற 90ஐச் சேர்த்தால் 180. அதாவது சரிவகமும் முக்கோணமும் ஒரே தளத்தில் படுத்துவிடுகின்றன, நடுவில் இருந்த விளிம்பு காணாமல் போகிறது, அங்கே ஓர் ஒழுங்கு ஐங்கோணம் நிற்கிறது. 12 விளிம்புகளிலும் இதே கதை. 12 ஐங்கோணங்கள்.

அட்டையில் ஆறு கூரைகளைத் தனித்தனியாகச் செய்து, ஒரு கனசதுரத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டாவது கூரையை வைத்ததுமே அந்த விளிம்பு மறைகிற இடத்தை விரலால் தடவினால் மேடு பள்ளம் எதுவும் தட்டாது. எனக்கு அழகு என்றால் அந்த இடம்தான்.

கோணமானி எழுதியது:

அருமை. அந்த இரண்டு சாய்வுகளின் டேன்ஜெண்ட் மதிப்புகள் 0.618, 1.618. ஒன்றுக்கொன்று தலைகீழ், அதனால்தான் கோணங்கள் சேர்ந்து 90 ஆகின்றன. இந்த 1.618தான் பொன் விகிதம். அதைப் பற்றி ஆதாரமில்லாத கதைகள் எத்தனையோ உலவுகின்றன. அது மெய்யாகவே வேலை செய்கிற இடங்களில் இது ஒன்று.

சாய்சதுரம் எழுதியது:

நீங்கள் இருவரும் கணிதத்தின் பக்கத்திலிருந்து வருகிறீர்கள், நான் ஓவியத்தின் பக்கத்திலிருந்து வருகிறேன். வரைபலகையின் கேள்விக்கு 15, 16ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தூரிகையாலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

லூக்கா பாச்சோலி என்ற துறவி 1498இல் முடித்து, 1509இல் வெனிஸில் அச்சான நூலுக்குப் பன்முகிகளை வரைந்து கொடுத்தவர் லியொனார்டோ டா வின்சி. ஒவ்வொரு வடிவத்தையும் இரண்டு விதமாக வரைந்தார். ஒன்று மூடிய திண்மம். மற்றொன்றில் முகங்களையெல்லாம் எடுத்துவிட்டு, விளிம்புகளை மட்டும் தடித்த மரச்சட்டங்களாக விட்டுவைத்தார். இதன் அருமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூடிய வடிவத்தில் முன்பாதி மட்டும்தான் தெரிகிறது, பின்பாதியை நாம் ஊகித்துக்கொள்கிறோம். சட்ட வடிவத்திலோ முன் விளிம்பு, அதன் வழியே பின் விளிம்பு, சட்டத்தின் உட்பக்கம் என்று எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. ஆனால் கலங்கிப் போகவில்லை. எது முன்னே எது பின்னே என்று கண் தடுமாறுவதே இல்லை. சட்டங்களுக்குக் கனம் கொடுத்ததுதான் காரணம். இன்று முப்பரிமாண அச்சில் எல்லோரும் செய்கிற கம்பிக்கூட்டு வடிவங்கள் அனைத்தும் இந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

அதே பாச்சோலியின் உருவப்படம் ஒன்று நேப்பிள்ஸின் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கண்ணாடியால் ஆன 26 முக வடிவம் ஒன்று நூலில் தொங்குகிறது, பாதி வரை தண்ணீர். 18 சதுரம், 8 முக்கோணம். தண்ணீர் மட்டம் ஒரு கிடைக்கோடாக அதன் நடுவே ஓடுகிறது. அத்தனை சாய்வுக் கோடுகளுக்கு நடுவே அந்த ஒரு தட்டையான கோடு இல்லையென்றால் வடிவம் இவ்வளவு எடுபடுமா என்பது சந்தேகம்தான்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் செதுக்கிய 'மெலன்கோலியா' படத்தில் ஒரு பெரிய கல் பன்முகி நிற்கிறதே, அது ஐந்து ஒழுங்கு வடிவங்களில் ஒன்றுகூட இல்லை. சாய்சதுரங்களால் ஆன ஒரு பெட்டியின் எதிரெதிர் மூலைகள் இரண்டை நறுக்கியது போன்ற வடிவம், அதன் கோணம் என்ன என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். எல்லா ஒழுங்கு வடிவங்களையும் அறிந்தவர், அவற்றை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தார். படத்தின் கனமே அந்தக் கல்லில்தான் இருக்கிறது. கனசதுரம் இருந்திருந்தால் அது வெறும் பெட்டி.

டியூரரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1525இல் வெளியான வடிவியல் நூலில் பன்முகிகளைத் தாளில் விரித்து வலையாக வரைந்து காட்டினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டுகிற அதே முறை.

கோணமானி எழுதியது:

அந்த 26 முக வடிவம் வரைபலகையின் கேள்விக்கு நல்ல சோதனை. அதன் மேல் தொப்பியை, அதாவது மேலே உள்ள சதுரத்தையும் அதைச் சுற்றிய வளையத்தையும், 45 பாகை திருகிப் பொருத்துங்கள். அப்போதும் ஒவ்வோர் உச்சியிலும் மூன்று சதுரம், ஒரு முக்கோணம்தான் சேரும். முகங்களின் எண்ணிக்கையும் மாறாது. எந்த உச்சியை மட்டும் அருகில் போய்ப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் மூலவடிவில் எட்டெட்டுச் சதுரங்கள் கொண்ட வளையங்கள் மூன்று திசையிலும் சுற்றி ஓடும். திருகியதில் ஒரே ஒரு வளையம்தான் மிஞ்சும். இரண்டையும் அச்சிட்டு, கணிதம் தெரியாத யாரிடமாவது கொடுங்கள். எது அழகு என்று கேளுங்கள்.

வரைபலகை எழுதியது:

கேட்டேன். மூலவடிவத்தைத்தான் எடுத்தார்கள். திருகியதைக் கையில் வைத்துக்கொண்டு "இதுல ஏதோ சரியில்ல" என்றார் ஒருவர், எது என்று அவரால் காட்ட முடியவில்லை.

அப்படியானால் சமச்சீர்தான் வென்றது என்று சொல்லலாமா? ஆனால் டியூரரின் கல் வேறு மாதிரி சொல்கிறதே.

சாய்சதுரம் எழுதியது:

டியூரரின் கல்லிலும் சமச்சீர் இருக்கிறது, குறைவாக இருக்கிறது. கண்ணுக்கு ஒரு விதி தேவை. அந்த விதி முதல் பார்வையிலேயே தீர்ந்துவிடக் கூடாது. கோளம் பார்த்தவுடனே தீர்ந்துவிடுகிறது.

கோணமானி எழுதியது:

சரி, ஆனால் ஓர் எச்சரிக்கை. அழகு மயக்கவும் செய்யும். வானியலாளர் கெப்ளர் 1596இல் ஐந்து ஒழுங்கு பன்முகிகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இடையிடையே கோள ஓடுகளை வைத்து, கோள்களின் தொலைவுகளை விளக்க முயன்றார். அப்போது தெரிந்த கோள்கள் ஆறு, இடைவெளிகள் ஐந்து, வடிவங்கள் ஐந்து. வியாழனுக்கும் சனிக்கும் நடுவே கனசதுரம், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே நான்முகி என்று போகும். அந்தப் படம் இன்றும் கணிதக் கலையின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று. வானம் அப்படி அமையவில்லை. 1781இல் யுரேனஸ் வந்தபோது எண்ணிக்கையும் போயிற்று.

காகிதமடிப்பு எழுதியது:

அதே கண்தான் 1619இல் ஆர்க்கிமிடீஸின் 13 வடிவங்களையும் மீட்டுக் கொடுத்தது! முகங்கள் ஒழுங்கு பல்கோணங்களே, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வகை கலந்தவை. ஆர்க்கிமிடீஸ் எழுதியது தொலைந்துவிட்டது, பின்னால் வந்த கிரேக்கக் கணிதர் பாப்பஸ் விட்டுச்சென்ற குறிப்பு மட்டும் இருந்தது. கெப்ளர் பதின்மூன்றையும் வகுத்து, படங்களோடு வெளியிட்டார். அதே நூலில் பன்னிருமுகியின் முகங்களை நீட்டி நட்சத்திர வடிவங்கள் இரண்டையும் விளக்கினார். 1809இல் பிரெஞ்சுக் கணிதர் புவான்சோ இன்னும் இரண்டைச் சேர்த்தார். அதற்குப் பின் இன்னொரு கணிதர் கோஷி, இப்படிப்பட்ட ஒழுங்கு நட்சத்திர வடிவங்கள் நான்கோடு முடிந்தன என்று நிறுவினார்.

அந்த நட்சத்திர வடிவங்களில் சிறியது வெனிஸின் புனித மாற்கு பேராலயத் தரையில் கற்பதிப்பாக இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு ஓவியர் உச்செல்லோவின் வேலை என்று சொல்லப்படுகிறது. கெப்ளருக்கு முந்தைய நூற்றாண்டுகளில் செய்தது. கணிதம் அதை வகைப்படுத்துவதற்கு முன்னாலேயே ஒரு கலைஞர் அதைத் தரையில் பதித்துவிட்டார்.

டச்சு ஓவியர் எஷர் 1952இல் இதே வடிவத்தை எடுத்து 'ஈர்ப்பு' என்ற கல்லச்சுப் படம் செய்தார். மேலோட்டமாகப் பார்த்தால் 60 முக்கோணங்கள் கொண்ட முள்வடிவம். கணிதப்படி 12 ஐமுனை நட்சத்திரங்கள், ஒன்றையொன்று ஊடுருவி நிற்கின்றன. இந்த இரண்டாவது பார்வையை எஷர் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள்: ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு தரை, அதன் மேல் ஆமை போன்ற ஓர் உயிர், கூம்புச் சுவர்களில் துளைகள். தலை ஒன்று, கால் நான்கு, ஆக ஐந்து துளை. 12 உயிர்களுக்கு 60 துளைகள். நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் ஒரே முகத்தைச் சேர்ந்தவை என்பது நிறத்திலேயே தெரிந்துவிடுகிறது.

புதுவரவு எழுதியது:

நான் இங்கே புதியவன். இதையெல்லாம் படித்ததும் ஏதாவது ஒன்றைக் கையால் செய்ய ஆசையாக இருக்கிறது. அச்சு இயந்திரம் இல்லை, காகிதம் இருக்கிறது. பன்னிருமுகி செய்யலாமா? அதையே பெரிதாக்கி முழுப் பந்து போலச் செய்ய முடியுமா?

காகிதமடிப்பு எழுதியது:

தாராளமாக. பசை வேண்டாம், கத்தரி வேண்டாம். விளிம்புக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் மடிக்கிற முறை இருக்கிறது. பன்னிருமுகிக்கு 30 விளிம்பு, எனவே 30 சதுரத் தாள். ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி மடித்தால் இரு முனைகளிலும் ஒரு நாக்கும் ஒரு பையும் கிடைக்கும். ஓர் உச்சியில் மூன்று துண்டுகள்: ஒன்றின் நாக்கு அடுத்ததன் பைக்குள், அதன் நாக்கு மூன்றாவதற்குள், மூன்றாவதன் நாக்கு முதலாவதற்குள். மூன்றாவதைச் செருகும் வரை தளர்ந்து ஆடும், செருகியதும் கெட்டியாகிவிடும். எல்லாத் துண்டுகளையும் ஒரே கைப்பக்கமாக மடிக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு துண்டு மாறி மடிந்தாலும் அது மற்றவற்றோடு சேராது.

மூன்று நிறத் தாள் எடுங்கள், நிறத்துக்குப் பத்து. எந்த உச்சியிலும் ஒரே நிறம் இரண்டு முறை வரக்கூடாது. கையில் வைத்துக்கொண்டு தோன்றியபடி நிறம் போட்டால் கடைசியில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் பன்னிருமுகியைத் தாளில் தட்டையாக, ஒரு முகத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்ப்பது போல வரையுங்கள். 20 புள்ளிகளையும் ஒரே ஒரு முறை மட்டும் தொட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிற ஒரு பாதையைத் தேடுங்கள். 1857இல் அயர்லாந்துக் கணிதர் ஹாமில்டன் விளையாட்டாக முன்வைத்தது இதைத்தான். பாதையில் 20 விளிம்புகள் இருக்கும். அவற்றுக்குச் சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பாதையில் சேராத 10 விளிம்புகளுக்கும் மஞ்சள். முடிந்தது.

பெரிய பந்துக்கு கோணமானி சொல்லட்டும், அவருடைய 720 அங்கே வேலைக்கு வரும்.

கோணமானி எழுதியது:

ஆமாம், வரும். உச்சிக்கு மூன்று விளிம்பு என்ற விதியை வைத்துக்கொண்டு ஐங்கோணம், அறுங்கோணம் இரண்டை மட்டும் பயன்படுத்தி மூடிய பந்து செய்தால், ஐங்கோணங்கள் எப்போதும் 12தான் இருக்கும். அறுங்கோணங்கள் தட்டையாகப் பரவும், வளைவைக் கொடுப்பது ஐங்கோணம் மட்டும்தான். ஒவ்வோர் ஐங்கோணமும் தருகிற பற்றாக்குறை 60 பாகை. 720ஐ 60ஆல் வகுத்தால் 12.

20 அறுங்கோணம் சேர்த்தால் பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்து வடிவம் வரும்: 60 உச்சி, 90 விளிம்பு. காகிதமடிப்பு சொன்ன முறையில் 90 துண்டுகள். 1985இல் 60 கார்பன் அணுக்கள் இதே வடிவில் ஒரு மூலக்கூறாகச் சேர்வதைக் கண்டார்கள், அதைக் கண்ட மூவருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

வரைபலகை எழுதியது:

இந்த உரையாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை அச்சிட்டு முடித்தேன். பன்னிருமுகியின் 20 உச்சிகளையும் நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து நான்முகிகள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட சட்டங்களாக, ஐந்து நிறத்தில்.

இதில் கண்ணாடிச் சமச்சீர் கிடையாது. இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு, ஒன்றைத் திருப்பி மற்றொன்றாக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் பத்து நான்முகிகள் கிடைக்கும், கண்ணாடிச் சமச்சீரும் திரும்ப வந்துவிடும். இரண்டையும் செய்து பக்கத்தில் வைத்தேன். சமச்சீர் அதிகமான பத்து, பார்க்கப் பூப்போலத் தேங்கி நிற்கிறது. குறைவான ஐந்தோ சுழல்கிறது. ஓர் உச்சியை நேராகப் பார்த்தால் மற்றச் சட்டங்கள் அதைச் சுற்றி ஒரே திசையில் மும்முறை சாய்ந்து வருகின்றன. ஐந்தைத்தான் மேசையில் வைத்திருக்கிறேன்.

சாய்சதுரம், உங்கள் பேச்சோடு எனக்கு இப்போது உடன்பாடு.

கோணமானி எழுதியது:

எனக்கு முழு உடன்பாடு இல்லை. சமச்சீரே ஏறக்குறைய இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1977இல் ஹங்கேரியைச் சேர்ந்த லயோஷ் சிலாஷி கண்ட பன்முகி. நடுவில் ஒரு துளை. 7 முகம், எல்லாம் அறுங்கோணம், எல்லாம் கோணலானவை. 14 உச்சி, 21 விளிம்பு. ஒவ்வொரு முகமும் மற்ற ஆறு முகங்களோடும் ஒவ்வொரு விளிம்பைப் பகிர்ந்துகொள்கிறது. நான்முகியைத் தவிர இந்தப் பண்பு உள்ளதாக இதுவரை தெரிந்தது இது ஒன்றுதான். 180 பாகை திருப்பினால் தன்மேல் தானே பொருந்தும், மற்றபடி எந்தச் சமச்சீரும் இல்லை. முதல் பார்வைக்கு யாரும் இதை அழகு என்று சொல்ல மாட்டார்கள்.

சாய்சதுரம் எழுதியது:

அதை அழகு என்று சொல்ல மாட்டேன். அதன் பண்பு அழகு, வடிவம் அழகில்லை. கையில் எடுத்தவருக்கு அந்தப் பண்பைச் சொன்னால்தானே தெரியும்?

காகிதமடிப்பு எழுதியது:

ஏழு முகத்துக்கும் ஏழு நிறம் கொடுத்தால் சொல்லாமலே தெரிந்துவிடும். எந்த நிறத்தின் ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டினாலும் மற்ற ஆறு நிறங்களும் வரிசையாக வரும்.

கோணமானி எழுதியது:

நிறம் ஏழுக்குக் குறையவும் முடியாது. நடுவில் ஒரு துளை உள்ள பரப்பில் வரையும் எந்த நிலப்படத்துக்கும், ஓரம் பகிரும் பகுதிகள் ஒரே நிறமாகாதபடி நிறம் போட ஏழு நிறம் போதும் என்று 1890இல் ஆங்கிலக் கணிதர் ஹீவுட் காட்டினார். ஏழும் தேவைப்படுகிற நிலப்படத்தை இந்தப் பன்முகி தட்டையான முகங்களாலேயே கட்டிக் காட்டுகிறது.

வரைபலகை எழுதியது:

இன்று இரவே ஏற்றுகிறேன். என் இயந்திரத்தில் ஒரே அச்சில் ஏழு நிறம் வராது. அதனால் முகங்களை ஏழு தகடுகளாகத் தனித்தனியாக அச்சிட்டு, ஓரங்களை அந்தந்த விளிம்பின் கோணத்துக்குச் சரியாகச் சீவி ஒட்டப்போகிறேன். துளைக்குள் வருகிற முகங்களை முதலில் ஒட்டிவிட வேண்டும், பிறகு விரல் நுழையாது. புதுவரவு, உங்கள் 30 துண்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன?

புதுவரவு எழுதியது:

மடித்து முடித்துவிட்டேன். பாதையும் கிடைத்துவிட்டது. முதல் மூன்றைச் செருகியதும் சொன்ன மாதிரியே கெட்டியாகிவிட்டது. இப்போது இரண்டாவது ஐங்கோணத்தில் இருக்கிறேன், மஞ்சள் விளிம்பில்.